வாலை மட்டும் பார்க்காதீர்கள்

"வாலை ஆட்டுது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கடி வாங்கியவர்கள் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை எல்லா ஊரிலும் இருப்பார்கள். வால் ஆடினால் நாய் பரபரப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். அது சந்தோஷமா, பயமா, எரிச்சலா என்பதை மற்ற உடம்புதான் சொல்லும். ஐந்தாறு மாதக் குட்டி கடிக்கிறது, குரைக்கிறது, கயிற்றை இழுக்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதற்கு முன் பத்து விநாடி அது என்ன செய்துகொண்டிருந்தது? பெரும்பாலும் பதில் வராது. திருத்த வேண்டிய இடம் அந்தப் பத்து விநாடிதான்.

முதலில், குட்டி சும்மா இருக்கும்போது பாருங்கள். திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருக்கையில் காது எப்படி இருக்கிறது, வாய் திறந்திருக்கிறதா, எழுந்து நடந்தால் வால் எந்த உயரத்தில் நிற்கிறது என்று செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு இனம் இது மாறும். சிப்பிப்பாறைக்கு வால் இயல்பாகவே தாழ்ந்து தொங்கும். பயந்த நாய் என்று நினைத்துவிடுவோம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டுக்குட்டி பலவற்றுக்கு வால் முதுகின் மேல் வளைந்து நிற்கும். உள்ளே நடுங்கினாலும் வெளியே மிடுக்காகத் தெரியும். இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் கடற்கரையில் இன்னொரு குழப்பம், மூச்சிரைப்பு. சித்திரை வெயிலிலும் கடலோரப் புழுக்கத்திலும் எல்லா நாயும் நாக்கைத் தொங்கப்போடும். வெக்கைக்கு இரைக்கிற நாய் முகம் தளர்ந்திருக்கும். நிழலில் படுக்கப்போட்டுத் தண்ணீர் வைத்தால் அடங்கும். பயத்தில் இரைக்கும் நாய்க்கு வாயோரம் பின்னுக்கு இழுபட்டுச் சுருக்கம் விழும், காது மடங்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில், ஓடாமல் ஆடாமல் குட்டி இரைத்தால், அதை எது மிரட்டுகிறது என்று சுற்றிலும் பாருங்கள்.

அடுத்தது சின்னச் சின்ன அடையாளங்கள். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரிட் ரூகோஸ் இவற்றைச் சமாதானச் சைகைகள் என்று பிரபலப்படுத்தினார். எல்லாமே அந்தப் பெயருக்குப் பொருந்துமா என்று விவாதிக்கிறார்கள். சங்கடத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டாலே நமக்குப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த அக்கா பிள்ளை குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. திறந்திருந்த வாய் மூடுகிறது. தலை மெல்ல வேறு பக்கம் திரும்புகிறது. நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது. தூக்கம் வராத நேரத்தில் ஒரு கொட்டாவி. கண்ணோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. கடைசியாக உடம்பு மொத்தமும் மரக்கட்டையாக இறுகுகிறது. இத்தனைக்கும் பிறகுதான் உறுமல். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்பதில் இந்த ஆறும் விட்டுப்போய்விடுகின்றன.

தலை திரும்பும்போதே பிள்ளையைக் கூப்பிட்டுவிடுங்கள். கூப்பிட வேண்டியது பிள்ளையை. குட்டியின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் மிரளும். இறுகி நிற்கும் நாயைத் தொடவே கூடாது.

உறுமினால் அடிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் இறங்கும். உறுமினால் விலகுங்கள், எது பிடிக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, மறுநாள் அதையே தூரத்தில் வைத்துத் தின்பண்டத்தோடு பழக்குங்கள்.

செருப்பைக் கடித்துவிட்டுத் திருட்டு முழி முழிப்பதற்கும் அடி விழுகிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். அந்த முழி தப்பு செய்ததால் வருவதில்லை. எஜமானர் திட்டுவதால் வருகிறது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் முழித்தது. செருப்பை எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

பழக்குவது எப்படி? மாமல்லபுரத்துக்காரர்களுக்குப் பயிற்சிக்கூடம் தெருவிலேயே இருக்கிறது. ஐந்து ரதம் போகும் வழியில் சிற்பக்கூடங்களின் உளிச்சத்தமும் கல் அறுக்கும் மிஷின் சத்தமும் குட்டிக்குப் புதிது. தூரத்தில் நின்று உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டைக் கொடுங்கள். (கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.) வாங்கித் தின்றுவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்தால் அந்தத் தூரம் சரி. கறியை மோந்துகூடப் பார்க்காமல் வாலை இடுக்கினால் மிக அருகில் வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். நாளுக்கு நாள் சில அடி நெருங்கினால் போதும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை இந்தப் பழக்கம் சீக்கிரம் ஒட்டும். தடுப்பூசி முழுசாக முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிப் போங்கள்.

தெருநாய்களைத் தாண்டுவதுதான் பெரிய சோதனை. குப்பத்தில் படகு நிழலில் படுத்திருக்கும் நாய்களுக்கு அந்த மணல் சொந்த இடம். மீன் இறங்கும் நேரத்தில் அவை இன்னும் உஷாராக இருக்கும். புதுக்குட்டியோடு அப்போது போகாதீர்கள். மற்ற நேரத்திலும் நேருக்கு நேராக நடக்க வேண்டாம். நாய்கள் தங்களுக்குள் மரியாதையாகச் சந்திக்கும்போது வளைந்து, பக்கவாட்டில், தரையை மோந்தபடிதான் வரும். நீங்களும் வட்டம் போட்டுச் சுற்றிப் போங்கள். உங்கள் குட்டி வாயை மூடி, உடம்பை முன்னுக்குத் தள்ளி, கண் இமைக்காமல் வெறிக்கத் தொடங்கினால், குரைக்கும்வரை காத்திருக்காமல் பெயரைச் சொல்லித் திரும்பி நடங்கள். கயிற்றைச் சுண்டி இழுத்தால் முன்கால் எழும்பி, பாய வருவதுபோல எதிர்நாய்க்குத் தெரியும். பிடரி மயிர் சிலிர்ப்பதை மட்டும் வைத்துச் சண்டை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆசையிலும் மிரட்சியிலும்கூட சிலிர்க்கும்.

விளையாட்டா சண்டையா என்று சந்தேகம் வந்தால், முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி அழைக்கிறதா, நடுநடுவே நின்று மூச்சு வாங்குகிறதா, துரத்துகிறவரும் துரத்தப்படுகிறவரும் மாறுகிறார்களா என்று கவனியுங்கள். எது துரத்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது திரும்பி வந்தால் விளையாட்டு. ஓடி ஒளிந்தால் அதற்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி முதல் கோடை தொடக்கம்வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. குட்டி மணலை மோந்து தோண்ட ஆரம்பித்தால் கூப்பிட்டு வேறு பக்கம் அழைத்துப் போங்கள். எவ்வளவு நல்ல குட்டியானாலும் அந்த மாதங்களில் கயிறில்லாமல் விடாதீர்கள்.

சாதுவாக இருந்த குட்டி ஒரே நாளில் தொட்டால் சீறுகிறது என்றால் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுக்குள் புண்ணோ உண்ணியோ இருக்கலாம். மீறிப் பல் பட்டுவிட்டால், அது வீட்டு நாயானாலும் சரி, சின்னக் கீறலானாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.