மொட்டை மாடியில் சோலார்: யாருடைய சம்மதம் வேண்டும்?

கேள்வி: சென்னை மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில், இரண்டாவது தளம் என்னுடையது. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறேன். மேல்தள வீட்டுக்காரரோ, "மாடி எனக்குத்தான், பில்டர் கடிதமே கொடுத்திருக்கிறார்" என்கிறார். சோலார் நிறுவனம் முன்பணம் கேட்டு நச்சரிக்கிறது. மானியம் கிடைக்குமா? நான் என்ன செய்யட்டும்?

– வாசகர், சென்னை

பதில்: முன்பணம் இப்போது வேண்டாம். முதலில் உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கும், பொது இடங்களில் உள்ள பாத்தியதையும் அதில் இருக்கும். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'பொது இடங்கள்' என்று சொல்பவற்றில் மொட்டை மாடியும் அடக்கம். பதிவு செய்யாத கடிதத்தை வைத்துக்கொண்டு அசையாச் சொத்தில் ஒருவர் தனியுரிமை கொண்டாட முடியாது. மேல்தளக்காரரின் பத்திரத்தில் அப்படி ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் வில்லங்கச் சான்றும் நகலும் போட்டுப் பாருங்கள்.

அவருக்குச் சொன்ன சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி தேவை. எட்டுப் பேருடைய இடத்தில் அவ்வளவையும் நீங்கள் தன்னிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, எல்லா உரிமையாளர்களிடமும் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள். பேனல் வரும் இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி, தளம் ஒழுகினால் யார் செலவு, வீட்டை விற்றால் பேனல் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 என மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் தொகை கூடாது. நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் லாபம் அதிகம். சோலார் முதலில் குறைப்பது விலை கூடிய மேல்படி யூனிட்டுகளை.

அண்டை வீட்டார் இழுத்தடித்தால் இன்னொரு வழி உண்டு. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் பொது இணைப்புக்குச் சங்கமே விண்ணப்பிக்கலாம். மானியம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான். ஆனால் பொது இணைப்புக்கு 100 இலவச யூனிட் கிடையாது என்பதால், முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம். பலன் எட்டு வீட்டுக்கும் போவதால் எதிர்ப்பும் குறையும்.

சம்மதம் கைக்கு வந்தபின் நிறுவனத்திடம் பேசுங்கள். தேசிய இணையதளத்தில் பதிவு பெற்றதா, உள்நாட்டில் தயாரான பேனலா, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ளதா என்று பாருங்கள். அந்நியப் பேனல் என்றால் மானியமே இல்லை. மானியம், சோலார் இயங்கத் தொடங்கியபின் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். "நாங்களே வாங்கிக் கழித்துக்கொள்கிறோம்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை. பணம் வாங்கி ஏமாற்றினால், இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வையுங்கள்.