பிறந்த கன்றின் நுரையீரலில் நீர் வற்றுவது எப்படி?

தருமபுரி மாவட்டத்தில் மழை பொய்த்து மானாவாரிப் பயிர் கருகும் ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்கி நிற்பது மாடாகும். உழவுக்குப் பெயர் பெற்ற ஆலம்பாடி இனம் இப்பகுதிக்கே உரியது. பாலுக்காக ஜெர்சி, பிரீசியன் கலப்பினப் பசுக்களும் வளர்க்கப்படுகின்றன. ஏறக்குறைய 280 நாட்கள் சினை காத்துப் பெற்ற கன்று, பிறந்த சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்தால் இழப்பு பெரிது. கன்றின் நுரையீரலிலுள்ள நீர் எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அறிந்தால், இவ்விழப்பில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம்.

நுரையீரலில் நீர் ஏன்?

கருப்பையிலுள்ள கன்று காற்றைச் சுவாசிப்பதில்லை. தேவையான பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சின் வழியே கிடைக்கிறது. அப்போது நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கும். இது கன்று குடித்த பனிக்குட நீர் அன்று. நுரையீரலே சுரந்த நீராகும். நுரையீரல் விரிந்து வளர இந்நீர் தேவை. ஆனால், பிறந்தவுடன் நீர் நீங்கி அவ்விடத்தில் காற்று நிரம்ப வேண்டும். ஈனும்போது ஏற்படும் அழுத்தத்தால் ஒரு பகுதி வாய், மூக்கு வழியே வெளியேறும். பெரும்பகுதியோ நுரையீரலின் சுவர் வழியாக உட்கவரப்பட்டு இரத்தத்தில் சேருகிறது.

உப்பு இழுக்கும், மடை வழிவிடும்

மாங்காய்த் துண்டில் உப்பிட்டு வைத்தால் அது நீர் விடுவதைக் காண்கிறோம். உப்பு சேருமிடத்திற்கு நீர் செல்லும். கன்றின் நுரையீரலிலும் இதுவே நிகழ்கிறது. தாய்க்கு ஈற்று வலி கண்டதும், கன்றின் உடலில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. உடனே நுரையீரல் செல்கள் நீர் சுரப்பதைக் குறைத்து, அந்நீரிலுள்ள சோடியம் உப்பை இரத்தத்தின் பக்கம் இறைக்கத் தொடங்குகின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1986ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கருவிலிருந்த செம்மறிக் குட்டிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டது.

செல்லின் மேலுறை கொழுப்பால் ஆனது. அதனூடே நீர் விரைந்து செல்லாது. இதற்கென அவ்வுறையில் மிக நுண்ணிய நீர் மடைகள் உள்ளன. அவற்றின் பெயர் அக்குவாபோரின். 1992இல் இவற்றின் வேலையைக் கண்டறிந்து கூறிய அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே, 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஒரு மடையின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்ல முடியும். நுரையீரலின் காற்றறைச் சுவரிலும் நுண் இரத்தக் குழாய்களிலும் இம்மடைகள் உண்டு.

ஏரி மடையைத் திறந்தாலும் வயல் தாழ்வாக இருந்தால்தான் நீர் பாயும். இங்கு உப்பின் இழுப்பே அந்தத் தாழ்வாகும். நீர் மடை இல்லாத எலிக்குஞ்சுகளிலும் பிறந்தபின் நுரையீரல் நீர் வற்றியது. சோடியம் செல்லும் வழி இல்லாத குஞ்சுகளோ 40 மணி நேரத்திற்குள் இறந்தன என்று 1996இல் கண்டனர். ஆகவே உப்பு இறைப்பே முதன்மை. மடைகள் அதற்குத் துணை. கன்று இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நீரை உள்ளே தள்ளி உதவுகிறது.

செய்ய வேண்டியவை

1. நாள் நிறையுமுன் ஊசி போட்டு ஈனச் செய்ய முயல வேண்டாம். நீரை வற்றச் செய்யும் ஆயத்தம் கடைசி நாட்களில்தான் முழுமை பெறுகிறது.

2. கன்றின் கால் வெளியே தெரிந்தபின் ஒரு மணி நேரம் முன்னேற்றம் இல்லையெனில் கால்நடை மருத்துவரை அழைக்கவும். கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962.

3. கன்று விழுந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்துத் துணியால் துடைக்கவும்.

4. பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். அப்போது கொட்டுவது பெரும்பாலும் வயிற்று நீரேயாகும். மேலும், குடலின் பாரம் நுரையீரலை அழுத்தி மூச்சைத் தடுக்கும்.

5. கன்றை மார்பின் மேல் நிமிர்த்திப் படுக்க வைக்கவும். இருபுறமும் நுரையீரல் விரிய இதுவே ஏற்ற நிலை.

6. சுத்தமான வைக்கோலால் மூக்குத் துளையில் மெல்லத் தீண்டவும். உடலை உலர்ந்த சாக்கினால் அழுந்தத் தேய்க்கவும். தலையில் சிறிது குளிர்ந்த நீர் தெளித்தாலும் கன்று மூச்சை இழுக்கும்.

7. வாய் வைத்து ஊத வேண்டாம். கருச்சிதைவு நோய்க் கிருமி மனிதருக்கும் தொற்றும்.

8. மூச்சு சீரானபின், இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டவும். திணறும் கன்றுக்குப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மேச்சேரி செம்மறிக் குட்டிக்கும் சேலம் கருப்பு வெள்ளாட்டுக் குட்டிக்கும் இம்முறைகளே பொருந்தும். மனிதக் குழந்தைக்கும் நுரையீரல் நீர் இவ்வாறே வற்றுகிறது. வலி காணுமுன் அறுவை செய்து எடுக்கப்படும் குழந்தைகள் சிலருக்கு வேகமூச்சு காண்பது இதனாலேயே. அதனை மருத்துவமனையில் வைத்துத்தான் கவனிக்க வேண்டும்.

நுரையீரல் நீரை வெளியே கொட்ட வேண்டியதில்லை. கன்று மூச்சு விட்டால் அது தானே உள்ளே வற்றும். எனவே ஈற்று நாளில் உலர்ந்த சாக்கு, சுத்தமான துணி, வைக்கோல் ஆகியவற்றைத் தொழுவத்தில் ஆயத்தமாக வைத்திருந்து பயன் பெறுவீர்.