பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்: ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை



நம் அடி அண்ணாமலை அலுவலகத்தில் இருக்கும் மேசைக் கணினி 2016-இல் வாங்கியது. கல்வி உதவி விண்ணப்பங்கள், ஜகாத் பெறுவோர் பட்டியல், ரசீதுகள், கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதில் ஓடிய விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் கணினி ஓடாமல் போய்விடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் இனி வழக்கம்போல் வராது. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் உண்டு. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம். பயனாளிகளின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கணினியைப் பாதுகாப்பின்றி இணையத்தில் விட்டுவைக்க நமக்கு மனம் வரவில்லை. இதே நிலையில் இருக்கும் ஜமாஅத் அலுவலகங்களுக்கும் மதரஸாக்களுக்கும் உதவும் என்பதால் நாம் செய்ததை எழுதுகிறோம்.

முதலில் நம் கணினி எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'சிஸ்டம்' என்பதைத் திறந்தால் பிராசஸரின் பெயரும் ரேம் அளவும் வரும். நம்முடையது ஐ5-6500, ரேம் 4 ஜிபி. இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 வரிசையில் கோட்டுக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் முதல் எண்தான் தலைமுறை; 10400 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்கள். விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே 'முடியாது' என்று திரையில் வந்ததுமே கணினியைத் தள்ளிவிட வேண்டாம்; பயாஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்முடையது 6-ஆம் தலைமுறை, ஆகவே தகுதி இல்லை. தகுதியில்லாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்!

எந்த இயங்குதளம் என்று முடிவு செய்வதற்கு முன்பே கோப்புகளைப் பிரதி எடுத்தோம். வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, அலுவலகத்துக்கு வெளியே பொறுப்பாளர் வீட்டில் பூட்டி வைக்க ஒன்று. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்ததுதான் நாம் செய்த நல்ல காரியம். ஒரு சகோதரியின் விதவை உதவித்தொகைக்காக 2017-இல் எழுதிய பரிந்துரைக் கடிதத்தைத் திறந்தோம். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தன. கடிதம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துவிட்டோம்.

கெடவில்லை. அந்நாளில் நாம் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தோம். அதுபோன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் பதிவாவது தமிழ் எழுத்து அல்ல. எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு நிலையான எண்கள் உண்டு. தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' பகுதியிலிருந்து பழைய எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுத்தோம். அடிக்கடி தேவைப்படும் கடிதங்களை யூனிகோடு மாற்றி மென்பொருளால் மாற்றினோம். மற்றவற்றைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கினோம். இந்த வேலை மட்டும் மூன்று நாள் எடுத்தது. மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சான்றிதழ் திரும்பி வரும்.

பிறகு லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றிச் சோதித்தோம். கணினியில் பதியாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி. பிரின்டர், ஸ்கேனர், வைஃபை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. கடிதத்துக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆஃபிஸ் போதும். லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கும் புதிதல்ல. 2011 முதல் அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. ஆனால் டாலி நேரடியாக இதில் ஓடாது. வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் சில சமயம் தகராறு செய்யும். இவ்விரண்டும் உங்களுக்கு அன்றாடத் தேவை என்றால் லினக்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். நம் டாலி கணக்கு தணிக்கையாளர் அலுவலகத்தில் பராமரிக்கப்படுவதால் நமக்குச் சிக்கல் வரவில்லை.

வன்பொருளில் மூன்று மாற்றங்கள் செய்தோம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, கூடுதலாக 4 ஜிபி ரேம், மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி. ரேம் வாங்கும்போது டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். தேதி தவறினால் பல இணையதளங்கள் திறக்காது. இதைத்தான் பலர் 'நெட் வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி வராது, டவுனிலிருந்து மெக்கானிக்கும் வரமாட்டார். எனவே பௌர்ணமி கழித்து ஒரு சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். பதியும் நேரத்தில் மின்சாரம் போனால் வேலை பாதியில் நிற்கும். யூபிஎஸ் பேட்டரியை முதல் நாளே சோதித்தோம். தேவையான கோப்புகளையும் முன்பே பதிவிறக்கி வைத்திருந்தோம்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, மறுத்துவிட்டோம். அழித்த கோப்பையும், மேலோட்டமாக ஃபார்மட் செய்த டிஸ்க்கில் இருப்பதையும் மென்பொருள் கொண்டு மீட்க முடியும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அக்குடும்பங்கள் நம்மிடம் வைத்த அமானிதம். அது கடைக்காரர் மேசைக்குப் போகக் கூடாது. டிஸ்க்கின் மேல் தேதி எழுதி பீரோவில் பூட்டியிருக்கிறோம். ஆறு மாதத்தில் விடுபட்ட கோப்பு எதுவும் தேவைப்படவில்லை என்றால், முழுவதும் மேலெழுதி அழித்த பிறகே வெளியே போகும்.

அந்தச் சகோதரியின் கடிதத்தை யூனிகோடில் மாற்றி, புதிய நகல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டோம்.