அக்டோபரில் ஐல் ஆஃப் வைட் போகிற பிள்ளைகளுக்கு

இங்கிலாந்தின் தென்கரையில் குடியேறி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. செப்டம்பர் பிறந்தாலே புதிதாக வந்த குடும்பங்களிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "மாமா, ஹாஃப் டேர்முக்கு ஐல் ஆஃப் வைட் போகலாம்னு இருக்கோம். அங்கே என்னென்ன பார்க்கலாம்?" என்ன பார்ப்பது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் ஒரு தீவுக்குப் போகிறவர் வெளிச்சம், காற்று, கடல் மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். போனில் ஆளுக்கு ஆள் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. முதலில் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். பெரும்பாலான பள்ளிகளின் ஹாஃப் டேர்ம் அதை ஒட்டித்தான் வரும். சனிக்கிழமை ஐந்தே முக்கால் வரை நின்ற சூரியன், மறுநாள் நாலே முக்காலுக்கெல்லாம் இறங்கிவிடும். வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைக்குக் கிளம்புவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அது ஆகாது. காலை ஒன்பதுக்குள் வீட்டை விட்டு இறங்குங்கள். வெளியே பார்க்க வேண்டியதை மதியத்துக்குள் முடித்துவிட்டு, கூரைக்குக் கீழே பார்க்கக்கூடியதைப் பிற்பகலுக்கு வையுங்கள்.

2. தேதியை உறுதி செய்வதற்கு முன் ஒவ்வொரு இடமும் திறந்திருக்குமா என்று பாருங்கள். நீடில்ஸ் பாறைகளுக்கு எதிரே ஆலம் பேயில் இறங்கும் இருக்கை ரோப்கார், ஷாங்க்ளின் பள்ளத்தாக்கு போன்றவை பருவகாலத்துக்கு மட்டும் இயங்குபவை. இலையுதிர் காலத்திலேயே அவை மூடிவிடும். பிள்ளையிடம் "ரோப்கார்ல போகலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

3. தீவுக்குப் பாலம் கிடையாது. காரோடு போக மூன்று வழிகள்: போர்ட்ஸ்மத்திலிருந்து ஃபிஷ்போர்ன், சவுத்தாம்ப்டனிலிருந்து ஈஸ்ட் கௌஸ், லிமிங்டனிலிருந்து யார்மத். எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துவிட்டு அதற்கு அருகே இறக்கும் வழியைப் பிடியுங்கள். கார் இல்லாதவர்களுக்கு போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையத்தை ஒட்டியே கேட்டமரான் நிற்கும். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வகுப்பில் போய்ச் சொல்வார்கள். சவுத்சீயிலிருந்து ஹோவர்கிராஃப்ட் பத்தே நிமிடத்தில் ரைட் கரையில் ஏறி நிற்கும். காற்று பலத்தால் முதலில் நிற்பது அதுதான், அடுத்தது கேட்டமரான். பெரிய கார் கப்பல்கள் பெரும்பாலும் கடைசிவரை ஓடும். கட்டணம் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மாறும். வார நடுவில், அதிகாலையில் போக முடிந்தால் பணம் மிச்சம்.

4. ஒரே இடத்தில் தங்குங்கள். தீவு மேற்கிலிருந்து கிழக்காக சுமார் 37 கிலோமீட்டர்தான். ஆனால் சாலைகள் குறுகலானவை, வளைந்து வளைந்து போகும். ரைட் பக்கம் தங்கினால் ரயிலும் பஸ்ஸும் கைக்கெட்டும். மேற்கே ஃப்ரெஷ்வாட்டரில் தங்கினால் நடைக்கும் கடலுக்கும் வசதி. தெற்கே வென்ட்னர் மலையடிவாரத்தில் ஒதுங்கி நிற்பதால் குளிர்காற்று அங்கே மட்டுப்படும். அதனால்தான் ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களுக்கென்று பெரிய மருத்துவமனையை அங்கே கட்டினார்கள். அது இருந்த இடத்தில் இப்போது தாவரவியல் பூங்கா இருக்கிறது. வீடு எடுக்கும்போது படுக்கையறை எத்தனை என்பதோடு, ஹீட்டிங் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

5. ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று, சின்ன இடம் ஒன்று. மூன்றாவது வேண்டாம்.

6. கடற்கரைக்குப் போகும் நாளைக் கடல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்துப் பார்த்து, எந்த நாளில் காலை பத்து மணிவாக்கில் நீர் நன்றாக வற்றுகிறதோ அந்த நாளை காம்ப்டன் பேய்க்கு ஒதுக்குங்கள். இந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நீர் வற்றும்போது ஹனோவர் முனையருகே மணலில் பெரிய பாறைத் துண்டுகள் கிடக்கும். முதல் பார்வைக்கு வெறும் கல். குனிந்து பார்த்தால் தடித்த மூன்று விரல்கள், நடுவிரல் சற்றே நீண்டு. இகுவானோடான் வகை டைனோசர் ஈரச்சேற்றில் மிதித்த பள்ளத்தில் மணல் நிரம்பி, இறுகிக் கல்லான பாத அச்சு அது. சுமார் 12.5 கோடி ஆண்டு பழையது. என் பேத்தி தன் இரண்டு காலணிகளையும் ஒரே விரலின் மேல் வைத்து நின்றாள். அப்படியும் விரல் மிச்சமிருந்தது.

அந்த அச்சுகளைத் தொட்டுப் பார்க்கலாம், எடுக்கக் கூடாது. மணலில் தனியாகக் கிடக்கும் சின்னப் புதைபடிவங்களைத் தேடலாம். குன்றைச் சுத்தியலால் தட்டவே வேண்டாம், அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம். அந்தக் களிமண் குன்று மழைக்கு ஊறிச் சரியும். இலையுதிர் காலப் புயல் புதிய எலும்புகளை வெளியே கொண்டுவருவதும் அந்தச் சரிவால்தான். நீர் அடிமட்டத்துக்கு வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். கிடைத்தது என்னவென்று தெரியாவிட்டால் சாண்டவுனில் உள்ள டைனோசர் ஐல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

7. ஆஸ்பர்ன் மாளிகைக்கு முழுப் பகல் ஒன்றைக் கொடுங்கள். விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் 1845-இல் வாங்கிய நிலம் இது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ராணி 1901 ஜனவரி 22 அன்று உயிர்விட்டதும் இங்கேதான். நம்மவர்கள் தங்க முலாம் பூசிய அறைகளைப் பார்த்துவிட்டுக் களைத்துப்போய்க் கடைசி அறையை அவசரமாகக் கடப்பார்கள். அந்தக் கடைசி அறைதான் தர்பார் அறை. லாகூர் கலைப்பள்ளியைச் சேர்ந்த பாய் ராம் சிங் என்ற கலைஞர் 1890களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். அத்தனை பூவேலையும் மரமோ கல்லோ என்று தோன்றும். சுண்ணச்சாந்தும் காகிதக் கூழும் அவை. கணப்புக்கு மேலே வெள்ளை மயில் தோகை விரித்து நிற்கும். அதை ஒட்டிய நடையில் இந்தியர்களின் ஓவியங்கள் மாட்டியிருக்கும். அரச குடும்பத்தார் மட்டுமில்லை, நெசவாளரும் குயவரும்கூட. ராணி இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. அந்த முகங்களை நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் காலத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

தோட்டத்தின் கோடியில் ஸ்விஸ் காட்டேஜ் இருக்கிறது. அரச பிள்ளைகள் சமைக்கவும் காய்கறி போடவும் கற்ற இடம். அவரவர் பெயரின் முதலெழுத்து போட்ட குட்டித் தள்ளுவண்டிகள் இன்னும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளோடு போனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

8. ஃப்ரெஷ்வாட்டரில் டிம்போலா என்ற வீட்டைத் தவறவிடாதீர்கள். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் மகள் தந்த கேமராவை வைத்துக்கொண்டு, கரி போடும் அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டை ஸ்டுடியோவாகவும் மாற்றிப் படம் எடுத்த வீடு இது. அக்கம்பக்கத்துக்காரரான கவிஞர் டென்னிசனும், விடுமுறைக்கு வந்த டார்வினும் அவர் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இலங்கைக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். வீட்டின் பெயர் மலையகத்து டிம்புள்ளதான். அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-இல் இருவரும் இலங்கைக்கே போய்விட்டார்கள். அவர் 1879-இல் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு படத்தின் முன் அரை மணி நேரம் பேசாமல் நின்றார்.

அங்கிருந்து டென்னிசன் டவுன் மேட்டுக்கு ஏறலாம். உச்சியில் கல் சிலுவை நிற்கும். மறுபக்கம் வெண்சுண்ணக் குன்று செங்குத்தாகக் கடலுக்கு இறங்குகிறது. காற்று அடிக்கும் நாளில் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

9. அணில் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சாம்பல் அணில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணிலை விரட்டிவிட்டது. கடல் குறுக்கே கிடப்பதால் இந்தத் தீவில் செவ்வணில் பிழைத்திருக்கிறது. இலை உதிரும்போது கிளை தெரியும், அணிலும் கொட்டை சேர்க்கக் கீழே இறங்கும். பார்க்ஹர்ஸ்ட் காட்டிலோ போர்த்வுட் தோப்பிலோ காலையில் ஒரு மரத்தடியில் கால் மணி நேரம் பேசாமல் இருங்கள். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும்: மேலே ஏதோ கொறிபடும் சத்தம், பிறகு ஓட்டுத் துண்டுகள் இலைமேல் விழும். நிமிர்ந்தால் செங்கல் நிறத்தில் ஒன்று, நம் ஊர் அணிலுக்குள்ள கோடு முதுகில் இல்லாமல், காது நுனியில் மயிர்க்கொத்தோடு உட்கார்ந்திருக்கும்.

10. மழை நாளுக்கென்று ஒரு திட்டம் தனியாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது காரிஸ்புரூக் கோட்டை. முதலாம் சார்லஸ் மன்னரை 1647-லும் 1648-லும் அடைத்து வைத்த கோட்டை. ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தவர் கம்பிக்கிடையில் மாட்டிக்கொண்டார். கிணற்று வீட்டில் பெரிய மரச்சக்கரத்துக்குள் கழுதை நடந்து, 49 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் இறைப்பதை இப்போதும் செய்துகாட்டுகிறார்கள். கவலை இறைத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது நெஞ்சைத் தொட்ட காட்சி.

11. குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தலைமூடி உள்ள மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி மாற்றுக் காலுறை போதும். முதல் நாளுக்குப் புளிசாதமும் ஃபிளாஸ்க்கில் டீயும் கொண்டுபோங்கள். கிராமத்துக் கடைகள் சீக்கிரம் மூடும்.

12. திரும்பும் பயணத்தை ஞாயிறு இரவுக் கடைசிக் கப்பலுக்குப் போடாதீர்கள். சனிக்கிழமையோ ஞாயிறு காலையோ கிளம்புங்கள். ஒரு வருடம் காற்றால் எங்கள் இரவுக் கப்பல் நின்றுபோய், விடியும்வரை காரிலேயே கிடந்தோம். இன்னொரு முறை நடுக்கடலில் பேரனுக்கு மூச்சு இழுத்தது. அவன் இன்ஹேலர் கீழே கார் டிக்கியில், பெட்டிக்குள் இருந்தது. கப்பல் ஓடும்போது கார் தளத்துக்குப் போக விடமாட்டார்கள். ஊழியர் ஒருவர் எங்கள் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய் எடுத்து வருவதற்குள் என் மகள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருந்துப் பையையும் ஒரு கம்பளியையும் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.