கடற்கரை வேலைக்கு ஏழு பிரெஞ்சு வரிகள்

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். ஐரோப்பியரின் கோடை விடுமுறையும் அப்போதுதான். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கும் புறாத்தீவுப் படகுகளுக்கும் பிரெஞ்சுக்காரரும் வருவார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் ஆபத்தில் வாயில் வருவது தாய்மொழிதான். படகோட்டியோ, விடுதிப் பணியாளரோ, ஆட்டோச் சாரதியோ, இந்த வரிகளை முதலில் பழகுங்கள்.

கேட்டதும் ஓட வேண்டியவை

ஓ ஸ்கூர்! – காப்பாற்றுங்கள்!
இல் ஸ நுவா! – அவர் நீரில் மூழ்குகிறார்! (பெண் என்றால் ‘எல் ஸ நுவா’)
ஷே மால் – எனக்கு வலிக்கிறது.

கேட்க வேண்டியவை

நீளமாகக் கேட்டால் பதிலும் நீளமாக வரும், உங்களுக்கு விளங்காது. விரலாலோ தலையசைத்தோ பதில் சொல்லக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

ஊ அவே-வூ மால்? – எங்கே வலிக்கிறது?
வூ-ஸெத் அலெர்ஷீக்? – ஒவ்வாமை உண்டா?

‘வீ’ என்றால் ஆம்.

சொல்ல வேண்டியவை

ந பூஷே பா – அசையாதீர்கள்.
லாம்பியூலான்ஸ் அரீவ் – அம்புலன்ஸ் வருகிறது.

புறாத்தீவில் ஒருவர் பவளப்பாறையில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறார் என்று வையுங்கள். உள்ளங்கையைக் காட்டி, தாழ்ந்த குரலில் ‘ந பூஷே பா’ என்று சொல்லுங்கள். பிறகு வலிக்கும் இடத்தைக் கேளுங்கள்.

தொலைபேசி உங்கள் பொறுப்பு

பிரான்சில் மருத்துவ அவசரத்துக்கு 15, ஐரோப்பா எங்கும் 112. பதற்றத்தில் அவர்கள் அந்த எண்களைத்தான் அழுத்துவார்கள். இங்கே இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. நீங்களே அழையுங்கள், எந்த ஒழுங்கை, எந்தக் கடைக்குப் பக்கம் என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

உச்சரிப்புக்கு ஆள் தேட வேண்டாம்

தமிழ் எழுத்தில் பிரெஞ்சு ஒலி முழுதாக அடங்காது. பாரிஸில் மாமாவோ மச்சாளோ இருந்தால், அங்கே பிறந்த பிள்ளைகளிடம் இந்த ஏழு வரிகளையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியில் கேட்டுக் கேட்டு, கூடவே சத்தமாகச் சொல்லுங்கள்.

வேலைக்கு நேர்முகம் என்றால், ‘அவசரத்துக்குத் தேவையான பிரெஞ்சு தெரியும்’ என்று சொல்லி, இரண்டு வரி பேசிக் காட்டுங்கள். விருந்தினரின் உயிரில் அக்கறையுள்ள முதலாளி அதை மதிப்பார். வேலை கிடைத்ததும் இந்த வரிகளை ஓர் அட்டையில் எழுதி, உயிர்காப்பு அங்கிகள் தொங்கும் இடத்தில் ஒட்டுங்கள். உடன் வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும்.