பேய் நடை போகுமுன்

இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் உள்ள பழைய சந்தை ஊர் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ். அங்கே வழிகாட்டியோடு போகும் வரலாற்று நடை, பேய் நடை இரண்டும் உண்டு. பகல் நடையை முதலில் முடித்துவிடுங்கள். 1539-ல் மூடப்பட்ட மடாலயத்தின் இடிந்த முகப்புக்குள்ளேயே பிற்காலத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். கரடுமுரடான கற்குவியலுக்கு நடுவே கதவும் ஜன்னலும்! இருட்டில் இந்த அழகு பிடிபடாது.

1828-ல் இவ்வூரில் தூக்கிலிடப்பட்ட கொலையாளி வில்லியம் கார்டரின் தோலால் அட்டை போட்ட புத்தகம் மாய்ஸஸ் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இவ்வூரில் உலவுவதாகச் சொல்லப்படும் சாம்பல் உடைப் பெண் ஆவியின் கதைக்கு நடுங்க வேண்டாம். அதைப் பரப்பியது 1861-ல் மார்கரெட்டா கிரீன் எழுதிய கதைப் புத்தகம்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். தண்ணீர் புகாத ஷூ, கனமான கோட்டு அவசியம். இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.