இஞ்சி தீர்ந்துபோன காலையில்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணி, "பெரியம்மா, இஞ்சி விழுது தீர்ந்துபோச்சு, கடையும் திறக்கலை, பதிலுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில், "சுக்குப்பொடி போடு" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். விழுது எத்தனை கரண்டி போடுவாயோ அத்தனை கரண்டி பொடியை நீ போட்டிருக்கிறாய். நாற்பது பேருக்கு வைத்த கடப்பா கஷாயமாகப் போய்விட்டது என்று சாயங்காலம் சொன்னபோது உன் குரலே இறங்கியிருந்தது. தப்பு உன்மேல் இல்லை. பாதிப் பதிலைச் சொன்னவள் நான். மீதிப் பதிலை இதில் எழுதுகிறேன். புதிதாக வீட்டுச் சாப்பாடு போட ஆரம்பித்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அந்தக் கடப்பாவையே எடுத்துக்கொள்வோம். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், பொட்டுக்கடலை என்று கும்பகோணம் கடப்பாவில் சேருவதெல்லாம் மந்தமான சாமான்கள். நாக்கில் படிந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மந்தத்தைக் கிளப்பிவிடுவதுதான் அங்கே இஞ்சிக்கு வேலை. எலுமிச்சை வாடை கலந்த, ஈரமான, பச்சைக் காரம் அது. அந்தப் பச்சை வாடை சுக்கில் கிடையாது. அதனால் கடப்பாவுக்கு இஞ்சி இல்லையென்றால் சுக்கைத் தொடாதே. தேங்காயோடு அரைக்கும்போது ஒரு பச்சை மிளகாயும் இரண்டு பல் பூண்டும் கூட்டிக்கொள். சோம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். இறக்கி வைத்து, கொதி அடங்கியபின் எலுமிச்சையைப் பிழிந்துவிடு. வழக்கத்தைவிட அரை மூடி அதிகம். நாக்கு நுனியில் சுருக்கென்று பட்டால் போதும். இஞ்சி இல்லை என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியத்தான் செய்யும். தெரிந்தால் என்ன? கடப்பா கடப்பாவாக இருக்கும்.

பதிலுக்கு என்ன போடலாம் என்று கேட்பதற்கு முன்னால், இந்தச் சட்டியில் இஞ்சி என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டுப் பார், தம்பி. ஒரு சட்டியில் அது வாசனைக்கு, இன்னொன்றில் காரத்துக்கு, கறியில் கவுச்சியை அடக்கவும் சதையை இளக்கவும், பொங்கலில் நெய்யைச் செரிக்க வைக்க. அத்தனை வேலையையும் ஒருசேரப் பார்க்கிற மாற்றுச் சாமான் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. அன்றைக்கு எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அந்த வேலைக்கு மட்டும் ஆள் தேடு.

இனி சுக்கு. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்று பெயர். இஞ்சி காயும்போது அதில் ஒரு பங்கு ஷோகால் என்ற வேறு சரக்காக மாறுகிறது. ஜப்பான் மொழியில் இஞ்சிக்கு ஷோகா என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர் இது. பச்சைக் காரத்தைவிட ஷோகால் உறைப்பானது. போதாததற்கு, தண்ணீரெல்லாம் வற்றிச் சுருங்கிய பொடி வேறு. கரண்டிக்குக் கரண்டி போட்டால் தொண்டை எரியாமல் என்ன செய்யும்? ஒரு மேசைக்கரண்டி விழுது போடும் இடத்தில் கால் தேக்கரண்டி சுக்குப்பொடியில் ஆரம்பி. போதவில்லையென்றால் அப்புறம் ஒரு சிட்டிகை கூட்டலாம். கூடிப்போனதை எடுக்க முடியாது.

நம் ஊர் நாக்குக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. சுக்கு வாடை வந்தாலே ஜலதோஷம், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் குழம்பு, தீபாவளி மருந்து என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகையால் மிளகும் சீரகமும் ஏற்கெனவே இருக்கிற இடத்தில்தான் சுக்கு ஒட்டும். வெண்பொங்கலில் தாராளமாகப் போடலாம். நெய் காய்ந்ததும் மிளகு, சீரகத்தைப் பொரித்து, அடுப்பை அணைத்தபிறகு அந்தச் சூட்டிலேயே சுக்குப்பொடியைத் தூவி ஒரு பிரட்டுப் பிரட்டிப் பொங்கலில் கொட்டு. எரிகிற அடுப்பில் போட்டால் கருகிக் கசந்துவிடும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் வேகிற இட்லிக்கு மிளகு, சீரகத்தோடு சுக்குதான் போடுகிறார்கள். ராமநவமிப் பானகத்திலும் சுக்குதான். அங்கெல்லாம் அது யாருக்கும் பதிலாக வரவில்லை. அதன் சொந்த இடம் அது.

கறிக்கு வருகிறேன். பச்சை இஞ்சியைச் சூடேறாத பாலில் தட்டிப் போட்டுக் காய்ச்சினால் பால் திரிந்துபோவதைப் பார்த்திருப்பாய். இஞ்சியில் இருக்கிற ஒரு நொதி புரதத்தை வெட்டுவதால் வருகிற வினை அது. சீனாவில் குவாங்டாங் பக்கம் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி, தயிர் மாதிரி உறைய வைத்து இனிப்பாகவே சாப்பிடுகிறார்கள். அந்த நொதி பாலில் செய்வதையே ஆட்டுக்கறியிலும் செய்வதால்தான் விழுது தடவி ஊறவைத்த கறி இளகுகிறது. சுக்குப்பொடியிடம் அதை எதிர்பார்க்காதே. தயிரில் மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் வை. முற்றின கறியாக இருந்தால் கட்டைவிரல் அளவு பப்பாளிக்காயை அரைத்துச் சேர். அதற்கு மேல் வேண்டாம், கறி கூழாகிவிடும். கவுச்சிக்குச் சின்ன வெங்காயமும், வறுத்து அரைத்த மிளகு சோம்பும் போதும். எங்கள் அம்மா வைத்த கறிக்குழம்பு அம்மியில் அரைத்த இந்த மசாலாவில்தான் கொதித்தது. அதில் இஞ்சி இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பிரியாணி என்றால் மாற்றே தேடாதே. கூத்தாநல்லூர், நாகூர் பக்கம் பிரியாணிக்கு இஞ்சி பூண்டு விழுதுதான் அஸ்திவாரம். அது இல்லாத அன்றைக்கு வேறு சமையல் செய்துவிடு.

நீர்மோருக்கும் தயிர்சாதத்துக்கும் தை மாசியில் மாங்காய் இஞ்சி இருக்கிறது. பெயரில் இஞ்சி என்றாலும் அது மஞ்சளின் இனம். மாங்காய் வாசனை வரும், இஞ்சியின் காரம் வராது. பச்சையாகவே பொடியாக நறுக்கிப் போடு. சட்டியில் வதக்கினால் அந்த வாசனை ஓடிவிடும். அதுவும் கிடைக்காத மாதங்களில் வேப்பிலைக்கட்டியை நினைத்துக்கொள். பெயரில்தான் வேப்பிலை. நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும் நரம்பு நீக்கி, மிளகாய், புளி, பெருங்காயம், உப்பு வைத்து இடிப்பது. தயிர்சாதத்தில் இஞ்சி பார்க்கிற வேலையை அது தனியாகவே பார்த்துவிடும். சித்தரத்தையை மட்டும் யாராவது சொன்னால் கேட்காதே. அதன் கற்பூர வாடை நம் குழம்பில் ஒட்டாது.

ஒன்றைக் கட்டாயம் மனதில் வை. சாப்பிட வருகிறவர் எவராவது, "எனக்கு இஞ்சி ஆகாது, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார்" என்று சொன்னால் சுக்கு அவருக்கு மாற்று அல்ல. சுக்கும் இஞ்சிதான். இட்லிப்பொடியில், ரசப்பொடியில், கடையில் வாங்கிய மசாலாவில் சுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும். மாங்காய் இஞ்சியும் அதே குடும்பம், அவரிடம் கேட்காமல் வைக்காதே. நம் கையை நம்பி இலையில் உட்காருகிறார், தம்பி.

இனி இஞ்சி தீராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி. நம் ஊர் வண்டல் மண் நெல்லுக்குத்தான் சுகம். தண்ணீர் தேங்கினால் இஞ்சிக் கிழங்கு அழுகிவிடும். பொங்கல் பானையில் கட்ட இலையோடு விற்கும் கொத்துக்காகப் படுகையிலும் கொல்லையிலும் மேடு கட்டிக் கொஞ்சம் போடுவார்கள். அது இளசு, தோல் மெல்லிசாக, சாறு நிறைய, காரம் குறைவாக இருக்கும். அதில் விழுது அரைத்தால் அளவைக் கூட்டிக்கொள். மற்றபடி சந்தைக்கு வருவது கர்நாடகத்து இஞ்சியும் வயநாட்டு இஞ்சியும்தான். அங்கே விளைச்சல் போனால் இங்கே நாம் திண்டாடுவோம். 2023இல் தக்காளியோடு போட்டி போட்டு இஞ்சி விலை ஏறியபோது பல வீடுகளில் விழுது அரைப்பதே நின்றுபோனது. எங்கள் பாட்டி ஒரு மண்சட்டியில் ஈர ஆற்றுமணலைப் போட்டு அதற்குள் இஞ்சியைப் புதைத்து வைப்பாள். கையை விட்டுத் துழாவி எடுத்தால் வாரக்கணக்கில் வாடாமல் இருக்கும், சில சமயம் முளைகூட விட்டிருக்கும். இப்போது ஆற்றுமணலுக்கு எங்கே போவது? நீ தோல் சீவி, தண்ணீர் விடாமல், கொஞ்சம் உப்பும் நல்லெண்ணெயும் விட்டு அரைத்து, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகத் தட்டி ஃப்ரீசரில் வைத்துக்கொள். பாட்டில் விழுதைத்தான் வாங்க நேர்ந்தால், அதில் உப்பும் புளிப்பும் ஏற்கெனவே இருக்கும். சட்டியில் உப்பைப் பாதியாகக் குறைத்து ஆரம்பி.

உனக்காகக் கால் கிலோ சுக்கு வாங்கினேன். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசினதை விட்டுவிட்டுப் பழுப்பாக இருந்ததைப் பொறுக்கி எடுத்தேன். சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு என்பார்கள். தோலைச் சுரண்டி, வெயிலில் வைத்து, உரலில் இடித்து, நார் இல்லாமல் இரண்டு தடவை சலித்திருக்கிறேன். வியாழக்கிழமை உன் அம்மா வரும்போது கொடுத்தனுப்புகிறேன். டப்பாவுக்குள் கால் தேக்கரண்டி அளவுக் கரண்டி ஒன்று கிடக்கும். வேறு கரண்டியை உள்ளே விடாதே.

அன்புடன்,
பெரியம்மா